கார்டு ஸ்டேட்மென்ட்டில் தொகை கூடுதலா? முதலில் வகுத்துப் பாருங்கள்

திருச்சியில் இருக்கும் என் மாமா சிங்கப்பூரில் மகள் வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டு வந்தார். வந்து மூன்றாவது வாரம் போன். "மாப்ள, கடையில 240 வெள்ளிக்குத்தான் கார்டு போட்டேன். வெள்ளி 65 ரூபான்னா 15,600 தானே வரணும்? இவன் என்னமோ மூணு வரி போட்டு 16,694 ரூபா 70 காசுங்கிறான். ஆயிரம் ரூபாய்க்கு மேல எங்க போச்சு?" சிங்கப்பூரில் நம்மவர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள், பத்து நாளில் அது அவருக்கும் தொற்றிக்கொண்டது. (எண்களைக் கணக்கு சுலபமாக வருவதற்காகக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், மற்றபடி நடந்தது இதேதான்.)

கஸ்டமர் கேருக்குப் போன் போடப் போகிறேன் என்று குதித்தவரை, கொஞ்சம் பொறுங்கள் மாமா, முதலில் கால்குலேட்டரை எடுங்கள் என்றேன். காரணம் இருக்கிறது. "அமவுன்ட் ஜாஸ்தியா இருக்கு" என்று போன் செய்தால் எதிர்முனையில் இருப்பவர் "அது அன்றைய எக்ஸ்சேஞ்ச் ரேட் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். எத்தனை சதவீதம் கூடுதல் என்று நாம் கணக்கோடு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். அதைவிட முக்கியம், அந்தச் சதவீதத்தைப் பார்த்தாலே பணம் எந்த வழியில் போனது என்று பெரும்பாலும் நமக்கே தெரிந்துவிடும், போன் போட வேண்டிய அவசியமே இருக்காது.

தேவை மூன்று எண்கள். ஒன்று, கடைச் சீட்டிலோ எஸ்எம்எஸ்ஸிலோ இருக்கும் வெளிநாட்டுத் தொகை. இரண்டாவது, ஸ்டேட்மென்ட்டில் அதற்காகப் பிடித்த மொத்த ரூபாய். இங்கேதான் பலர் தவறுவார்கள், ஏனென்றால் பர்ச்சேஸ் ஒரு வரியிலும், மார்க்கப் கட்டணம் (வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி கூடுதலாக வைக்கும் சதவீதம்) இன்னொரு வரியிலும், அதற்கான ஜிஎஸ்டி மூன்றாவது வரியிலும் கிடக்கும். சில வங்கிகள் ஒவ்வொரு பர்ச்சேஸுக்கும் கீழேயே போடும், சில வங்கிகள் மாதம் முழுக்க நடந்ததற்குச் சேர்த்து ஸ்டேட்மென்ட் கடைசியில் ஒரே தொகையாகப் போடும், அதைப் பார்த்துவிட்டு "இது என்ன புதுக் கட்டணம்" என்று பயந்தவர்கள் உண்டு. மூன்றாவது, அன்றைய தேதிக்கு விசாவோ மாஸ்டர்கார்டோ வைத்திருந்த ரேட். இரண்டு நிறுவனங்களின் இணையதளத்திலுமே கரன்சி கன்வெர்ட்டர் இருக்கிறது, தேதியைக் கொடுத்து, வங்கிக் கட்டணம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டால் ரேட் வந்துவிடும். கூகுளில் வரும் ரேட்டை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். அது சந்தையின் நடு ரேட், கார்டு நெட்வொர்க் வைக்கும் ரேட் அதிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும்.

இப்போது மொத்த ரூபாயை வெளிநாட்டுத் தொகையால் வகுங்கள், வருவதை நெட்வொர்க் ரேட்டால் மறுபடி வகுங்கள். மாமா கணக்கில் 16,694.70 வகுத்தல் 240, அதாவது 69.56. அதை 65 ஆல் வகுத்தால் 1.07. ஏழு சதவீதம் கூடுதல்.

இந்த 1.07 தான் துப்பு. இந்தியாவில் வழக்கமான கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டு மார்க்கப் 3.5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி முழுத் தொகைக்கு இல்லை, மார்க்கப்புக்கு மட்டும்தான், ஆக மொத்தம் 4.13 சதவீதம். 2 சதவீத மார்க்கப் உள்ள உயர்ரகக் கார்டுகளில் அது 2.36. மார்க்கப்பே இல்லாத கார்டுகளும் இருக்கின்றன. ஆகவே உங்கள் விடை 1.0413-ஐ ஒட்டி வந்தால் யாரும் ஏமாற்றவில்லை, கார்டு வாங்கும்போது நாம் படிக்காமல் விட்ட எம்ஐடிசி (முக்கிய விதிமுறைகள்) தாளில் உள்ள கட்டணம்தான் அது. 1.00-க்கும் 1.01-க்கும் நடுவில் வந்தால் வெறும் ரேட் அசைவு. 1.05-ஐத் தாண்டி 1.10 வரைக்கும் போனால் கடையிலேயே ரூபாயாக மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகப்படுங்கள். அதற்கும் மேலே போனால் பிரச்சினை ரேட்டில் இல்லை, தொகையே வேறு.

மாமாவுக்கு நேர்ந்தது அந்தக் கடை விவகாரம்தான். சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். பாஸ்போர்ட் உறைக்குள் நாலாக மடித்து வைத்திருந்தார், எழுத்து பாதி மங்கிப்போன சீட்டு, வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினார். மேலே 240 சிங்கப்பூர் டாலர், அதற்குக் கீழே 1 டாலருக்கு 68.75 ரூபாய் என்று ஒரு ரேட், அப்புறம் 16,500 இந்திய ரூபாய், அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் "எனக்கு எந்த கரன்சி என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு தரப்பட்டது, ரூபாயைத் தேர்ந்தெடுத்தேன்" என்ற பொருளில் ஒரு வாசகம். "தேர்ந்தெடுத்தீங்களா மாமா?" என்றேன். "அந்தப் பையன் மெஷினை என் பக்கம் திருப்புனான், ரூபான்னு ஒண்ணு தெரிஞ்சுது, நம்ம ஊரு காசாச்சேன்னு பச்சை பட்டனை அமுக்கிட்டேன்" என்றார்.

இதற்குப் பெயர் டைனமிக் கரன்சி கன்வெர்ஷன், சுருக்கமாக டிசிசி. உங்கள் கார்டு இந்தியக் கார்டு என்பதை மெஷின் கண்டுபிடித்து, உங்கள் சொந்த நாட்டுக் காசிலேயே கட்டுகிறீர்களா என்று கேட்கும். கேட்பதற்கு வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மாற்று ரேட்டை வைப்பது விசாவும் இல்லை, உங்கள் வங்கியும் இல்லை, கடைக்கு மெஷின் கொடுத்த ஆட்கள். அவர்கள் லாபம் அந்த ரேட்டிலேயே ஒளிந்திருக்கும், கடைக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கலாம். சரி, ரூபாயில் கட்டிவிட்டதால் மார்க்கப்பாவது மிச்சமா என்றால் அதுவும் இல்லை. வெளிநாட்டில் பதிவான கடையில் ரூபாயில் நடந்த பரிவர்த்தனைக்கு இந்திய வங்கிகள் பலவும் தனியாக ஒரு கட்டணம் வைத்திருக்கின்றன. மாமாவின் கார்டில் அது 1 சதவீதம். 16,500-க்கு 165 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 29.70. அந்த மூன்று வரியின் கதை இதுதான். சில கார்டுகளில் இந்த இடத்திலும் முழு மார்க்கப்பையே பிடிப்பார்கள்.

அவர் சிங்கப்பூர் டாலரையே அமுக்கியிருந்தால்? 15,600, மார்க்கப் 546, ஜிஎஸ்டி 98.28, மொத்தம் 16,244.28. அதாவது அந்தப் பச்சை பட்டனுக்கு 450 ரூபாய் 42 காசு. சிராங்கூன் ரோட்டில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

ஸ்டேட்மென்ட்டை வைத்தே டிசிசியைக் கண்டுபிடிக்கலாம். சாதாரண வெளிநாட்டு பர்ச்சேஸ் என்றால் வரியில் வெளிநாட்டுத் தொகையும் இருக்கும், பக்கத்தில் ரூபாயும் இருக்கும். ஊர்ப் பெயர் மட்டும் வெளிநாடாக இருந்து, தொகை வெறும் ரூபாயில் இருந்தால் டிசிசி. ஸ்வைப் செய்தவுடன் வந்த எஸ்எம்எஸ் ரூபாயில் வந்திருந்தாலும் அதே அர்த்தம்தான், அதனால் கடையை விட்டு நகர்வதற்கு முன்னால் எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள். ரூபாயாக இருந்தால் அங்கேயே நின்று, இதைக் கேன்சல் செய்துவிட்டு உள்ளூர்க் காசில் போடுங்கள் என்று கேட்கலாம். எந்தக் கரன்சி என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்குத்தான் என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியிலுமே உண்டு. ஊருக்கு வந்தபிறகு வாதாடுவது கஷ்டம், அந்த எறும்பு எழுத்துச் சீட்டையே வங்கி உங்களிடம் நீட்டும். கேட்காமலேயே அவர்களாக ரூபாயை அமுக்கினார்கள் என்றால் மட்டும் புகார் கொடுத்துப் பாருங்கள்.

ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், "கன்வெர்ஷனோடு, கன்வெர்ஷன் இல்லாமல்" என்று. இல்லாமல் என்பதை அமுக்குங்கள். கன்வெர்ஷனை மறுத்தால் பணமே வராதோ என்று பயமுறுத்தும் தொனியில் திரை இருக்கும். பணம் வரும். தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அளவில் அந்த ஊர் வங்கியே பிடிக்கும், எடுத்த பணத்தோடு சேர்ந்து ஒரே தொகையாகத்தான் ஸ்டேட்மென்ட்டில் வரும். கிரெடிட் கார்டில் ஏடிஎம் பணம் எடுப்பதைப் பற்றி நான் ஒன்றுதான் சொல்வேன், எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

சரி, டிசிசி இல்லை, ஆனாலும் எஸ்எம்எஸ் வந்த அன்று போட்ட கணக்குக்கும் ஸ்டேட்மென்ட்டுக்கும் இடிக்கிறது என்றால் தேதியைப் பாருங்கள். கார்டைத் தட்டிய நொடியில் நடப்பது ஆதரைசேஷன் மட்டும், அதாவது உங்கள் லிமிட்டில் ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது. கடைக்காரர் கணக்கை அனுப்பி, அது செட்டில் ஆவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம், வார இறுதி குறுக்கே வந்தால் இன்னும் இழுக்கும். ரூபாயாக மாறுவது பெரும்பாலும் அந்தச் செட்டில்மென்ட் நாள் ரேட்டில். அதனால் கன்வெர்ட்டரில் தட்டிய தேதி, ஸ்டேட்மென்ட்டில் ஏறிய தேதி இரண்டையும் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஏதாவது ஒன்று பொருந்தும். எந்த நெட்வொர்க் என்பதையும் கார்டின் மேல் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், விசா கார்டுக்கு மாஸ்டர்கார்டு ரேட்டை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டவன் நான்.

ஹோட்டல் வேறு கதை. செக்-இன் செய்யும்போது டெபாசிட் என்று ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அதற்கும் எஸ்எம்எஸ் வரும். கிளம்பும்போது உண்மையான பில் தனியாக இன்னொரு ஆதரைசேஷனாகப் போனால் இரண்டு முறை பணம் போனது போலத் தெரியும். டெபாசிட் உண்மையில் செட்டில் ஆகாது, சில நாளில் தானாக விடுபடும், ஸ்டேட்மென்ட்டிலும் ஏறாது. ஸ்டேட்மென்ட்டில் இரண்டுமே ஏறியிருந்தால்தான் பிரச்சினை. எனக்கு ஒருமுறை ஒரு ஹோட்டலில் டெபாசிட்டை பில்லோடு சேர்த்தே செட்டில் செய்துவிட்டு, நான் மெயில் அனுப்பிய பிறகு ரீஃபண்ட் கொடுத்தார்கள். வந்த ரூபாய், போன ரூபாயைவிடக் குறைவு. இதே டெபிட் கார்டாகவோ முன்கூட்டியே பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டாகவோ இருந்தால் ஒதுக்கி வைப்பது கடன் லிமிட் இல்லை, உங்கள் சொந்தப் பணம். பயணத்தின் நடுவில் அது முடங்கிக் கிடந்தால் அவஸ்தை. ஹோட்டலுக்கும் வாடகைக் காருக்கும் கிரெடிட் கார்டை நீட்டுவதே நல்லது.

ரீஃபண்ட் ஏன் குறைகிறது என்பதை எண்ணோடு சொல்லிவிடுகிறேன். அதே 240 டாலர் பொருளைத் திருப்பிக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியபோது 15,600-ம் கட்டணம் 644.28-ம் போனது. திரும்பி வரும் நாளில் ரேட் 64.20 என்றால் வருவது 15,408. ரேட்டில் 192 போச்சு, மார்க்கப்பும் அதன் ஜிஎஸ்டியும் பல கார்டுகளில் திரும்பாது, ஆக 836 ரூபாய் 28 காசு நஷ்டம், இத்தனைக்கும் கடைக்காரர் 240 டாலரை முழுசாகத்தான் கொடுத்தார். அன்றைக்கே, செட்டில் ஆவதற்கு முன் கேன்சல் செய்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. அதனால் ரீஃபண்ட் என்று கேட்காமல் வாய்ட் (பரிவர்த்தனையையே ரத்து) செய்யச் சொல்லுங்கள். சாங்கி விமான நிலையத்தில் டூரிஸ்ட் ஜிஎஸ்டி ரீஃபண்டைக் கார்டுக்கே வாங்கினால், அதுவும் ஒரு வரவு வரியாகச் சில நாள் கழித்து வரும். அங்கே 2024 முதல் ஜிஎஸ்டி 9 சதவீதம், அதில் கையாளும் கட்டணத்தைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள், ஆகவே நீங்கள் மனதில் வைத்திருந்த 9-ஐ எதிர்பார்க்க வேண்டாம்.

சிங்கப்பூர் பஸ், ரயிலில் கார்டைத் தட்டிப் போனவர்களுக்கு இன்னொன்று. பயணம் செய்த அன்று ஒவ்வொன்றாக வராது, பல பயணங்களைச் சேர்த்து "பஸ்/எம்ஆர்டி" என்ற பெயரில் பிறகு ஒரு தொகை வரும். வெளிநாட்டுக் கார்டு என்றால் தட்டிய ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் காசு (சென்ட்) நிர்வாகக் கட்டணமும் உண்டு. மாமா இதையும் "நான் பஸ்ஸே ஏறல" என்று அடித்துச் சொன்னார். மகள்தான், அப்பா நாம டெக்கா மார்க்கெட் போனது எதுல என்று நினைவுபடுத்தினாள்.

அமெரிக்காவில் ரெஸ்டாரன்ட்டில் 50 டாலருக்குக் கார்டைக் கொடுத்து, சீட்டில் 10 டாலர் டிப் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் எஸ்எம்எஸ் 50-க்கு வரும், ஸ்டேட்மென்ட் 60-க்கு வரும். வகுத்தால் 1.20 என்று மிரட்டும். பெட்ரோல் பங்க்கிலும் இப்படித்தான், முதலில் ஒரு குத்துமதிப்பான தொகை, பிறகு போட்ட பெட்ரோலுக்கான தொகை.

வெளிநாடே போகாமல் வீட்டிலிருந்து டாலரில் கட்டுபவர்களுக்குத்தான் கணக்கு இன்னும் குழம்பும். 20 டாலர் சந்தா என்று போட்டிருக்கும். டாலர் 88 ரூபாய் என்றால் 1,760. ஸ்டேட்மென்ட்டில் 2,162 ரூபாய் 57 காசு. இதில் இரண்டு ஜிஎஸ்டி இருக்கிறது, இரண்டும் வேறு வேறு. முதலாவது, வெளிநாட்டு நிறுவனம் இந்திய வாடிக்கையாளருக்கு விற்கும் ஆன்லைன் சேவைக்கான 18 சதவீதம், அதை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவதால் 20 டாலர் 23.60 ஆகிவிடுகிறது, அதாவது 2,076.80. இரண்டாவது, அந்தத் தொகைக்கு வங்கி போடும் மார்க்கப் 72.69, அதன் மேல் ஜிஎஸ்டி 13.08. விலைப் பட்டியலை வைத்து வகுத்தால் விடை 1.23 வரும், பில்லை வைத்து வகுத்தால் 1.0413 வரும். அதனால் எப்போதும் பில்லில் உள்ள கடைசித் தொகையால் வகுங்கள். சொந்தத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர்கள் அந்த எண்ணைச் சந்தாக் கணக்கில் கொடுத்தால் பல சேவைகளில் முதல் ஜிஎஸ்டி பில்லில் வராது, பதிலுக்கு ரிவர்ஸ் சார்ஜில் நீங்களே கட்டிக் கணக்கு காட்ட வேண்டும், இதை உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

விலை ரூபாயில் காட்டியதே, அதற்கும் ஏன் மார்க்கப் என்ற கேள்விக்கும் பதில் மேலேயே வந்துவிட்டது. இணையதளம் ரூபாய் காட்டினாலும் அந்த நிறுவனம் பணம் வாங்கும் கணக்கு அயர்லாந்திலோ சிங்கப்பூரிலோ இருந்தால், வங்கிக்கு அது வெளிநாட்டுப் பரிவர்த்தனைதான். அதேபோல டாலர் குறியைப் பார்த்து அமெரிக்க டாலர் என்று முடிவு கட்டாதீர்கள், ஆஸ்திரேலியா, கனடா, சிங்கப்பூர், ஹாங்காங் எல்லாவற்றுக்கும் அதே குறிதான். யென்னுக்கும் சீன யுவானுக்கும் ஒரே குறி, அந்த இரண்டின் மதிப்புக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மாமா கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டார், அந்த 20 சதவீத வரியைப் பிடித்துவிட்டார்களோ என்று. 2023-ல் கிளம்பிய அந்த டிசிஎஸ் (வெளிநாட்டுக்குப் போகும் பணத்துக்கு வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) பயம் இன்னும் போகவில்லை. வெளிநாட்டில் கிரெடிட் கார்டில் செய்யும் செலவை அந்த வரிக்கான கணக்கில் சேர்ப்பதை நிதி அமைச்சகம் 2023 ஜூன் 28 அன்று தள்ளிவைத்தது. ஃபாரெக்ஸ் கார்டு, டெபிட் கார்டு செலவு அந்தக் கணக்கில் வரும், ஆனால் 2025 ஏப்ரல் முதல் வருஷத்துக்கு 10 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாக டிசிஎஸ், பிடித்ததையும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 240 வெள்ளிக்கு அதெல்லாம் கிட்டவே வராது.

இத்தனையையும் பார்த்த பிறகும் ஒரு வரி பொருந்தவில்லை என்றால் அது இரண்டில் ஒன்று. கடை தவறாகப் போட்டது, அல்லது யாரோ உங்கள் கார்டைப் பயன்படுத்தியது. கடைத் தவறு என்றால் முதலில் கடைக்கே சீட்டோடு மெயில் அனுப்புங்கள், பதில் வராவிட்டால் வங்கியில் டிஸ்ப்யூட் எழுப்புங்கள், எழுதும்போது கதை வேண்டாம், தேதி, வெளிநாட்டுத் தொகை, பிடித்த ரூபாய், சரியாக வர வேண்டிய ரூபாய், இந்த நான்கும் போதும். பில்லை மறுத்து நீங்கள் புகார் கொடுத்தால் அதிகபட்சம் 30 நாளுக்குள் வங்கி விளக்கம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனிலேயே போகலாம், காசு செலவில்லை.

நீங்கள் செய்யவே செய்யாத பரிவர்த்தனை என்றால் வகுத்துக்கொண்டெல்லாம் உட்காராதீர்கள். ஒரு டாலர், இரண்டு டாலர் என்று தெரியாத பெயரில் வந்தால்கூட விடாதீர்கள், பெரிய தொகை போடுவதற்கு முன் கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வழி அது, வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்பதில்லை என்பதால் அது எளிதும்கூட. உடனே ஆப்பில் கார்டை பிளாக் செய்துவிட்டு வங்கிக்குச் சொல்லுங்கள். உங்கள் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை, வெளியே எங்கோ கசிந்தது என்றால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலை நாள் ஆகிவிட்டால் ஒரு வரம்பு வரை நீங்கள் தாங்க வேண்டும்.

பயணம் முடிந்து வந்ததும் மாமா கார்டில் வெளிநாட்டு உபயோகத்தை ஆப்பில் அணைத்து வைத்தேன். அணைத்த பிறகும் பழைய பஸ் கட்டணம் ஒன்று ஏறியது, ஏற்கெனவே ஆதரைசேஷன் வாங்கியவை அப்படித்தான் வரும், அதைப் பார்த்து மறுபடி ஒரு போன் வந்தது.